பிள்ளையைப் பற்றி ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்கும் போய்ச் சேரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதின்ம வயதுப் பிள்ளை ஒன்றுக்கு ஏதேனும் நடந்துவிட்டால் இரண்டு மூன்று நாட்களுக்கு ஊரே காரணம் தேடும். போன், ரியூசன், போதைப்பொருள், காதல், வெளிநாட்டுக் காசு என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு பேச்சு ஓய்ந்துவிடும். பாடசாலை உளவளத்துணையிலும் சமூக உளநலப் பணியிலும் இருக்கும் எங்களுக்குத் தெரிவது வேறு. பிள்ளை தளர்ந்துகொண்டு போவதை அநேகமாக யாரோ ஒருவர் முன்பே கவனித்திருப்பார். பக்கத்துக் கதிரையில் இருக்கும் நண்பனுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று பேசாமல் இருப்பான். வகுப்பாசிரியருக்கு வரவுப் பதிவேட்டில் தெரிந்திருக்கும்; வீட்டுக்குச் சொன்னால் பிள்ளைக்கு அடி விழுமோ என்று தயங்குவார். தாய்க்குத் தெரியும், நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பிள்ளையின் வாழ்க்கை என்னாவது என்று மூடிவைப்பார். மூவரும் பிள்ளைமேல் உள்ள பாசத்தால்தான் மௌனமாக இருக்கிறார்கள். அந்த மௌனத்தை எந்த இடத்தில், எப்படிக் கலைப்பது என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறோம்.

கட்டிளமைப் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் கொள்வது 10 முதல் 19 வயது வரை. இந்த வயதினரில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதோ ஓர் உளநலச் சிக்கலுடன் வாழ்கிறார் என்பதும், உளநோய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும் அரைவாசி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன என்பதும் அந்நிறுவனம் சொல்லிவருபவை. 14 வயதென்றால் எங்கள் பாடசாலைக் கணக்கில் தரம் 9. ஆனால் பெற்றோர் கவலைப்படத் தொடங்குவது தரம் 11 இலோ உயர்தரத்திலோ, அதுவும் புள்ளி குறைந்த பிறகுதான். பத்து வயதில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன பிள்ளையுடன் வீட்டில் ஒரு கிழமை யாரும் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருப்பதில் இருந்தே சிலருக்கு இது ஆரம்பமாகிறது.

வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது நித்திரையை. 13 முதல் 18 வயதுவரை ஒரு நாளைக்கு 8 தொடக்கம் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும். பருவமடையும் காலத்தில் நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் என்ற ஓமோன் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்கும். சிலருக்கு இரண்டு மணித்தியாலம் வரை பிந்தும். அதனால் ஒன்பதரைக்குப் படுக்கப் போட்டாலும் பிள்ளை புரண்டுகொண்டிருக்கும். அதைச் சோம்பலென்றோ அடங்காத்தனமென்றோ எடுக்கக்கூடாது. காலை 6 மணி வகுப்புக்கு 5 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை இரவு 11 மணிக்குத்தான் கண்ணயர்கிறது என்றால் கிடைப்பது 6 மணித்தியாலம். வாரம் முழுவதும் இப்படிப் போனால் ஆகக் குறைந்த தேவையிலேயே 14 மணித்தியாலம், ஏறத்தாழ இரண்டு முழு இரவு, குறைந்துபோகிறது. இந்தப் பற்றாக்குறை கோபமாக, எடுத்ததற்கெல்லாம் அழுகையாக, படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தும் பதியாத நிலையாக வெளிவரும். வீட்டார் இதைப் படிப்பில் கவனமில்லை என்று விளங்கிக்கொண்டு இன்னொரு வகுப்பில் சேர்ப்பார்கள். நித்திரை மேலும் குறையும்.

ஒரு தாளை எடுத்துப் பிள்ளையோடு இருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். பாடசாலைக்கு 30. நித்திரைக்குக் குறைந்தது 56. குளிப்பு, சாப்பாடு, கோயில், வீட்டு வேலை என்று நாளுக்கு இரண்டரை வைத்தால் 17.5. சுயமாகப் படிக்க நாளுக்கு மூன்று வைத்தால் 21. ரியூசன் 20, அதற்கான சைக்கிள் ஓட்டமும் காத்திருப்பும் 8 என்றால் பிள்ளைக்கு மிஞ்சுவது 15.5 மணித்தியாலம். அதற்குள்தான் விளையாட்டு, நண்பர்கள், சும்மா இருப்பது எல்லாம். ரியூசன் 30 ஆகி ஓட்டம் 12 ஆனால் மிச்சம் ஒன்றரை மணித்தியாலம். பிள்ளை ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு வாரத்தை வாழ முடியாது. ஆகவே நித்திரையிலோ சுயபடிப்பிலோ கை வைக்கும். பெரும்பாலும் இரண்டிலும் கை வைக்கும். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் வகுப்பு இருந்தால் ஒன்றை நிறுத்துவதுதான் முதல் வேலை. எதை நிறுத்துவது என்பதைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். பெற்றோர் தெரிவு செய்தால், பின்னர் புள்ளி குறையும்போது "நீங்கள்தானே மறிச்சனீங்கள்" என்ற வாக்குவாதம்தான் மிஞ்சும்.

போனைப் பற்றி நிறையச் சொல்லியாகிவிட்டது. நாங்கள் இரண்டு விடயத்தை மட்டும் சொல்கிறோம். இரவில் எல்லாப் போன்களும், அப்பாவின் போன் உட்பட, ஹோலில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். பிள்ளையின் போனை மட்டும் வாங்கிவைத்தால் அந்த விதி ஒரு கிழமைகூட நிற்காது. மற்றது, "உனக்குப் போனிலை ஆராவது கரைச்சல் தந்தால் எங்களிட்டைச் சொல்லு, அதுக்காகப் போனைப் பறிக்கமாட்டம்" என்று பிரச்சினை வருவதற்கு முன்னரே வாக்குக் கொடுங்கள். படத்தை வைத்து மிரட்டப்படும் பிள்ளை பல நாட்கள் வாய் திறக்காததற்குப் போன் போய்விடுமே என்ற பயமும் ஒரு காரணம். அப்படி ஒன்று தெரியவந்தால் செய்தியை அழிக்கவேண்டாம், காசு அனுப்பவேண்டாம், மிரட்டுகிறவரோடு பதிலுக்குப் பதில் கதைக்கவேண்டாம். திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள்.

இனிப் பேச்சு. பிள்ளையை முன்னால் இருத்தி வைத்து "உனக்கு என்ன பிரச்சினை, சொல்லு" என்று கேட்டால் வரும் பதில் "ஒண்டுமில்லை". கண்ணுக்குக் கண் பார்க்காத இடங்களில் பதின்ம வயதினர் கூடுதலாகக் கதைப்பார்கள்: மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கும்போது, தேங்காய் திருவிக் கொடுக்கும்போது, கிணற்றடியில், இரவு பாயை விரித்த பிறகு. நாளுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் புள்ளி, வகுப்பு, பரீட்சை என்ற பேச்சு வரக்கூடாது. "இண்டைக்கு எத்தினை மார்க்ஸ்?" என்பதற்குப் பதில் "இண்டைக்கு இன்ரேவலுக்கு ஆரோடை நிண்டனி?" என்று கேட்டுப் பாருங்கள். தொடர்ந்து சில நாள் "ஒருத்தரோடையும் இல்லை" என்று வந்தால் அது பெரிய தகவல். பிள்ளை ஏதாவது சொல்லத் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் தீர்வு சொல்லாதீர்கள். "பிறகு?" என்ற ஒரு சொல் போதும்.

"உன்ரை வயசிலை நாங்கள் பட்ட கஷ்டம் தெரியுமோ" என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். அதில் பொய்யில்லை. இன்று 15 வயதுப் பிள்ளைக்குத் தாய் தகப்பனாக இருக்கும் பலர், போரால் நடந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது அதே வயதுப் பிள்ளைகள். அவர்களுடைய பதின்ம வயது அகதி முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் கழிந்தது. படிப்பு ஒன்றுதான் தங்களைக் கரைசேர்த்தது என்ற நம்பிக்கை அங்கேதான் வேர்விட்டது. அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும், வேறொரு நாளில். பிள்ளை தன் கவலையைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வந்தால், தன் கவலை கவலையே இல்லை என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

எப்போதும் களைப்பு, தலைச்சுற்று, படிப்பில் மந்தம் என்றால் மனதைப் பற்றி முடிவெடுக்க முன்னர் இரத்தத்தைச் சோதியுங்கள். பெண்பிள்ளைகளுக்கு ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை. மாதவிடாய் தொடங்கிய பிறகு இது மிகச் சாதாரணமாக வரும், இரும்புச்சத்துக் குளிசையால் குணமாகும். குளிசையைத் தேநீரோடு குடித்தால் உடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. தேசிக்காய்த் தண்ணீரோடு குடிக்கலாம். கண் பார்வையையும் சோதிப்பது நல்லது. கரும்பலகை தெரியாத பிள்ளை கடைசி வாங்கில் இருந்துகொண்டு 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர் வாங்குவது இன்றும் நடக்கிறது.

பெண்பிள்ளைகள் விடயத்தில் இன்னொன்று. சாமத்தியவீடு முடிந்த கையோடு வலைப்பந்தும் சைக்கிள் ஓட்டமும் சிநேகிதி வீட்டுக்குப் போவதும் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ரியூசன் மட்டும் நிற்பதில்லை. 5 முதல் 17 வயதுவரை நாளுக்கு 60 நிமிடம் உடல் வியர்க்க அசையவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரிய பிள்ளையானதும் விளையாட்டை நிறுத்தும் வழக்கத்தை எங்கள் குடும்பங்கள் கைவிடத்தான் வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அடுத்தது நண்பர்கள். பதின்ம வயதில் பிள்ளை முதலில் மனம் திறப்பது அநேகமாக நண்பரிடம்தான். அதில் பெற்றோர் மனம் வருந்த ஒன்றுமில்லை; அந்த வயதின் இயல்பு அது. வருந்தவேண்டியது, அந்த நண்பருக்கு என்ன செய்வதென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதற்கு. 14 வயதுப் பிள்ளையின் தலையில் இன்னொரு 14 வயதுப் பிள்ளையின் உயிர் தனியே சுமத்தப்படுகிறது. அது அந்தப் பிள்ளையையும் வாட்டும்.

மாணவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இவ்வளவுதான். கேள், இடைமறிக்காதே. "ஆருக்கும் சொல்லாதை" என்று சத்தியம் கேட்டால் கொடுக்காதே. "உன்ரை உயிருக்கு ஆபத்தில்லாத விசயம் எண்டால் சொல்லமாட்டன், ஆபத்தெண்டால் சொல்லித்தான் ஆவன்" என்று முதலிலேயே சொல். சாவைப் பற்றிய பேச்சு, எழுத்து, வட்ஸ்அப் ஸ்ரேற்றஸ் எதையாவது கண்டால் நேரடியாகக் கேள்: "மச்சான், சாகவேணும் எண்டு யோசிக்கிறியோ?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் பெரியவர்களுக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்கு ஒரு பாரம் இறங்கியது போல் இருக்கும். "ஓம்" என்று பதில் வந்தால் தனியே விட்டுவிட்டு வராதே. கூட இருந்துகொண்டே ஒரு பெரியவரை அழை. அந்தப் பெரியவர் யாராகவும் இருக்கலாம்: நண்பனின் அம்மா, வகுப்பாசிரியர், சனசமூக நிலையத்து அண்ணா, மாமி. முதலில் சொன்னவர் அக்கறை எடுக்காவிட்டால் இரண்டாமவரிடம் சொல், மூன்றாமவரிடமும் சொல். சொன்னதற்காக நண்பன் கோபித்துக்கொண்டு சில நாள் கதைக்காமல் இருக்கலாம். அதை முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் பிள்ளைகள் துணிவார்கள்.

இதைக் கேட்கும் பெரியவருக்கும் ஒரு வேண்டுகோள். தகவல் கொண்டுவந்த பிள்ளையின் பெயரை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடாதீர்கள். "இவன்தான் வந்து சொன்னவன்" என்று ஒரு ஆசிரியர் வகுப்பில் ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தப் பாடசாலையில் அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்தப் பிள்ளையும் எதையும் வந்து சொல்லாது.

நட்பு வளர இடமும் வேண்டும். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இருக்கும்போது அது பெரிய குறையாக இருக்கக்கூடாது. ஆனால் பின்னேரம் நாலரைக்கு மைதானத்தில் நிற்பவர்கள் பாடசாலையை விட்ட இளைஞர்கள்; பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பில். கிழமையில் இரண்டு பின்னேரமாவது 16 வயதுக்குட்பட்டோருக்கு என்று கழகங்கள் ஒதுக்கினால், போதைப்பொருளுக்கு எதிரான பத்து ஊர்வலங்களைவிட அது பிரயோசனப்படும்.

பாடசாலையைப் பற்றி எழுத நிறைய உண்டு. உளவளத்துணை ஆசிரியர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அவருக்குக் கற்பிக்கும் பாடவேளைகளால் நிரம்பிய நேரசூசியும் இருக்கும். உளவளத்துணை அறை அதிபரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே போகும் பிள்ளையை முழுப் பாடசாலையும் பார்க்கும். இந்த இரண்டையும் திருத்தப் புதிதாகக் காசு தேவையில்லை. நாளுக்கு ஒரு பாடவேளை அவருக்கு ஒதுக்கி அறிவித்துவிடலாம். அறையை நூலகப் பக்கம் மாற்றிவிடலாம்; புத்தகம் எடுக்கப் போகும் சாட்டில் பிள்ளை வந்துபோகும். முதல் சந்திப்பிலேயே இரகசியத்தின் எல்லையையும் சொல்லிவிடவேண்டும்: இங்கே கதைப்பது வெளியே போகாது, உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்தென்றால், அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் மட்டும் உதவக்கூடிய ஒருவருக்குச் சொல்வேன், அதுவும் உனக்குச் சொல்லிவிட்டுத்தான். இதைச் சொல்லாமல் கேட்டுவிட்டு, பிறகு பெற்றோரை அழைத்தால் பிள்ளை அதைத் துரோகமாகவே எடுக்கும்.

ஆனாலும் முதல் கண் வகுப்பாசிரியருடையது. தொடர்ந்து திங்கட்கிழமைகளில் வராமை, மாதத்தில் நாலைந்து நாள் பிந்தி வரவு, காலையில் வயிற்றுவலி என்று போன பிள்ளை விடுமுறையில் சுகமாக இருப்பது: இவை பதிவேட்டிலேயே தெரியும். பதின்ம வயதினரிடம் மனச்சோர்வு கவலை முகமாக வரவேண்டும் என்றில்லை. எரிச்சலாகவும் சண்டையாகவும் வரும். ஆகவே தண்டனைக்கு அனுப்பப்படும் பிள்ளைகளில் சிலர் உதவிக்கு அனுப்பப்படவேண்டியவர்கள். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கைகள் மூலம் தடைசெய்தும் பிரம்பு முற்றாக மறையவில்லை. பிரம்பு இருக்கும் வகுப்பில் பிள்ளை எந்த ஆசிரியரிடம் மனம் திறக்கும்?

மாற்றம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வீட்டுக்குப் போன் எடுக்கவேண்டும். எப்படி எடுப்பதென்பது முக்கியம். கண்டது என்ன, எப்போதிருந்து, என்ன கேட்க எடுத்தேன் என்ற மூன்று மட்டும் போதும். "அம்மா, தம்பி போன ரெண்டு கிழமையா இன்ரேவலுக்குத் தனிய இருக்கிறார். சாப்பாட்டையும் அப்பிடியே திருப்பிக் கொண்டு போறார். வீட்டை எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கத்தான் எடுத்தனான்." இதில் குற்றச்சாட்டு இல்லை, நோயின் பெயர் இல்லை, புள்ளி இல்லை. தாய் தானாகவே கதைக்கத் தொடங்குவார். "உங்கடை பிள்ளை சரியில்லை, நாளைக்கு வந்து அதிபரைப் பாருங்கோ" என்று எடுத்தால் அன்றிரவு பிள்ளைக்கு அடி விழும், அடுத்த நாள் பாடசாலைக்கு வராது. வகுப்பாசிரியர் வருடத்தில் ஒரு தடவையாவது நல்ல செய்தி சொல்லவும் வீட்டுக்கு எடுத்திருந்தால், இந்த அழைப்பு இன்னும் இலகுவாக இருக்கும்.

பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை நின்றுவிடும் விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதிகம் பிழைத்துப்போவது இங்கேதான். நாள் செல்லச் செல்லத் திரும்பிப் போவது கடினமாகும் என்பதால் முதல் கிழமையிலேயே தொடங்கவேண்டும். ஒரு தடவை வைத்தியரிடம் காட்டி உடல் நோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு கிழமையும் புதிய வைத்தியரைத் தேடி அலையவேண்டாம். பயம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்: கேலி செய்யும் ஒரு குழுவா, எழும்பி வாசிக்கச் சொல்லும் ஒரு பாடமா, கதவு பூட்டாத மலசலகூடமா, அல்லது வீட்டை விட்டு வந்தால் அம்மாவுக்கு ஏதும் நடந்துவிடும் என்ற பயமா. காரணத்துக்கு ஏற்றபடிதான் வேலை.

பிறகு படிப்படியாகத் திரும்புதல். முதல் கிழமை, பிடித்த பாடம் உள்ள இரண்டு பாடவேளை மட்டும், காலைப் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த பிறகு வரட்டும். இரண்டாம் கிழமை இடைவேளை வரை. மூன்றாம் கிழமை முழுநாள். சைக்கிள் தரிப்பிடத்தில் ஒரு நண்பன் காத்து நிற்கட்டும். அவனோடு சேர்ந்து வகுப்புக்குள் நுழைவது தனியே நுழைவதைவிட எவ்வளவோ இலகு. "இவ்வளவு நாளும் எங்கை போனனி?" என்று கேட்கவேண்டாம் என்று வகுப்பாசிரியர் மற்ற ஆசிரியர்களுக்கு முதலே சொல்லிவைக்கவேண்டும். தவறிய குறிப்புகள் முழுவதையும் எழுதச் சொல்லாமல் கடைசி அலகோடு சேர்த்துக்கொள்ளட்டும். வீட்டில் நிற்கும் நேரத்தில் வழமையான நேரத்துக்கு எழும்புதல், பாடசாலை நேரத்தில் போனும் ரீவியும் இல்லாமை, அதேவேளை ஏச்சும் இல்லாமை.

குழம்புவது எப்படி? ஒரு நாள் காலையில் தகப்பன் அடித்து இழுத்துக்கொண்டு போய் விடுவார். அன்று போகும், அடுத்த நாள் நின்றுவிடும். முதல் நாளே முழுநாள் இருத்துவார்கள். திரும்பி வந்த அன்றே வகுப்புச் சோதனை வைப்பார்கள். இரண்டு கிழமை ஒழுங்காகப் போனதும் 'இனிச் சரி' என்று விட்ட ரியூசன் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்குவார்கள். எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றும் உண்டு: பாடசாலைக்குப் போகாத பிள்ளை ரியூசனுக்கு மட்டும் போவதைப் பெற்றோர் ஆறுதலாக எடுத்துக்கொள்வது. இருநூறு பேர் இருக்கும் கொட்டகையில் யாரோடும் கதைக்காமல் வந்துபோக முடியும். பிள்ளை ஒதுங்கிப் போவதை அது மறைத்துவிடும்.

நண்பரும் வீடும் பாடசாலையும் சேர்ந்தும் சமாளிக்க முடியாத கட்டம் ஒன்று உண்டு. சாப்பாடு, நித்திரை, குளிப்பு எல்லாம் குழம்பினால், தன்னைத் தானே காயப்படுத்தினால், சாவைப் பற்றிக் கதைத்தால், யாரோ கதைப்பது கேட்கிறது என்று சொன்னால் தாமதிக்கக்கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. அரச வைத்தியசாலைகளில் இவை இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். போகும்போது, எப்போதிருந்து என்னென்ன மாறியது என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வைத்தியர் முன்னால் எல்லாம் மறந்துபோகும். பிள்ளை வைத்தியரோடு தனியே கதைக்க விடுங்கள். மனச்சோர்வுக்குக் குளிசை எழுதினால் பலன் தெரிய இரண்டு முதல் நாலு கிழமையோ அதற்கு மேலோ செல்லும். முதல் கிழமைகளில் பிள்ளையைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். சுகம் வந்ததும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தோட்டம் செய்யும் வீடுகளுக்கு ஒரு அவசரமான சொல். பயிர்மருந்தை வீட்டிலோ கொட்டிலுக்குள்ளோ திறந்து வைக்காதீர்கள். வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள், மிச்சத்தைப் பூட்டி வைத்து, திறப்பைப் பெரியவர் ஒருவர் வைத்திருங்கள். அம்மம்மாவின் பழைய குளிசைகளும் அப்படியே. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்று இலங்கை. கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பிறகு அந்த வீதம் மூன்றில் இரண்டுக்கும் மேல் குறைந்தது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்கும் மிகக் குறுகியது. அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும், தப்பிய பெரும்பாலானோர் பின்னர் வாழவே விரும்புகிறார்கள்.

கடைசியாக உங்களிடமும் மற்றப் பத்திரிகைகளிடமும் கேட்பவை. மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டால் படம், பாடசாலையின் பெயர், செய்த முறை, எழுதிவைத்த கடிதம் எதையும் தயவுசெய்து போடவேண்டாம்; "பரீட்சையில் சித்தியடையாததால்" என்று ஒற்றைக் காரணமும் எழுதவேண்டாம். அதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதை வாசிக்கும். பெறுபேறு வெளியாகும் கிழமையில் உயர்தரத்தில் 3ஏ, சாதாரண தரத்தில் 9ஏ எடுத்தவர்களின் படங்கள் பக்கம் பக்கமாக வரும். அந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு அது தகும். அதே இதழில் அரைப் பக்கம் மற்றவர்களுக்கும் ஒதுக்குங்கள். உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம், மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம், தேசிய தொழிற்தகைமையில் 4 ஆம் மட்டத்தில் தொடங்கிப் பட்டத்துக்குச் சமமான 7 ஆம் மட்டம் வரை ஏறலாம், யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தேவைப்படும். ஒரு மாதம் கழித்து வரும் கல்வி மலரில் வந்து பயனில்லை. அந்த அரைப் பக்கத்தின் மேலே, வயதானவர்களும் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில், தேசிய உளநல உதவி இலக்கம் 1926 ஐயும் சிறுவர் உதவி இலக்கம் 1929 ஐயும், இரண்டும் 24 மணிநேரமும் இயங்கும் என்ற குறிப்போடு அச்சிட்டுத் தாருங்கள். அதை வெட்டி எங்கள் வகுப்பறைகளின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பாடசாலை உளவளத்துணை ஆசிரியர்களும் சமூக உளநலப் பணியாளர்களும் சிலர்,
யாழ்ப்பாணம்.